நாற்பது நிமிடத்துக்கு ஒரு பக்கம்: புதிய கணித ஆசிரியை ஒருவரின் பாடக்குறிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்கள் பாடக்குறிப்பு எழுதுகிறார்களில்லை என்பதுதான் ஆசிரியர் அறையில் வழமையாகக் கேட்கிற முறைப்பாடு. இது அதற்கு நேரெதிரான சம்பவம். இவர் எழுதினார், அளவுக்கு மிஞ்சி எழுதினார், ஒரு பாடவேளைக்கு நாலு பக்கம், அதுவும் நிறம் நிறமாகக் கோடு போட்டு. எழுதி முடிக்க இரவு பதினொரு மணியாகிவிடும். அடுத்த நாள் வகுப்பில் அந்தக் கொப்பி மேசையில் திறந்தபடி கிடக்க, பாடம் தன்பாட்டில் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

இடம் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு பாடசாலை. தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, அதில் கடைசி வருடத்தைக் கட்டுறு பயிற்சியாக ஒரு பாடசாலையில் கழித்துவிட்டு வந்தவர். தரம் 7க்கும் தரம் 8க்கும் கணிதம். நான் அதே பாடசாலையில் இடைநிலைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன், மேல் வகுப்புகளுக்குக் கணிதமும் படிப்பிக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். அவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: 'நான் பாவம் என்ற மாதிரி எழுதிப்போடாதேங்கோ சேர்.' சரி, பாவம் இல்லை. நல்ல கணித அறிவு, பிள்ளைகளோடு நல்ல பழக்கம், குரலும் வகுப்பின் கடைசி வாங்குவரை போகும். சிக்கல் இருந்தது கொப்பிக்கும் வகுப்புக்கும் இடையில்தான்.

கொப்பியில் இருந்தது என்ன

தலைப்புகள் எல்லாம் முறைப்படி இருந்தன. தரம், அலகு, தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, தர உள்ளீடுகள், பிரவேசம், கற்றல் கற்பித்தல் செயன்முறை, கணிப்பீடும் மதிப்பீடும், பிரதிபலிப்பு. ஒன்றும் குறையில்லை. ஆனால் உள்ளே எழுதியிருந்ததில் பெரும்பகுதி ஆசிரியர் வழிகாட்டியிலிருந்து அப்படியே இறங்கியது. வழிகாட்டியில் ஒரு தேர்ச்சி மட்டத்துக்குப் பல பாடவேளை ஒதுக்கியிருப்பார்கள், செயற்பாடும் அந்த அளவுக்குத்தான் விரிந்திருக்கும். அதை ஒரே பாடவேளைக்குள் திணித்தால் என்ன ஆகும்? 'பிரவேசம் - 5 நிமிடம்' என்று எழுதியிருந்தது நான் பின்வாங்கில் இருந்து பார்த்த அன்று கால்மணித்தியாலத்தைத் தாண்டியது. மணி அடித்தபோது பிள்ளைகள் குழுவாக இருந்து டிமை என்கிற பெரிய தாளில் தலைப்புக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மதிப்பீடு என்று எழுதியிருந்த பகுதிக்கு ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை என்று அவரே சொன்னார்.

கற்றற் பேறாக எழுதியிருந்த வசனம் இது: 'மாணவர் பின்னங்களின் கூட்டலை விளங்கிக்கொள்வர்.' இந்த 'விளங்கிக்கொள்வர்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. விளங்கிவிட்டதா இல்லையா என்பதை மணி அடிக்க முன்னர் எதைப் பார்த்துச் சொல்வது? ரொபேட் மேகர் என்ற அமெரிக்கர் 1962இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: நோக்கத்தை எழுதினால் மாணவர் செய்து காட்டக்கூடிய ஒரு செயல் அதில் இருக்க வேண்டும், எந்த நிலைமையில் செய்வார் என்பது இருக்க வேண்டும், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும் என்பதும் இருக்க வேண்டும். பரீட்சைக்காக இதைப் படிக்காத ஆசிரியர் நம் நாட்டில் இல்லை. கொப்பியைத் திறந்ததும் எல்லோருடைய பேனாவும் மறுபடி 'விளங்கிக்கொள்வர்' என்றுதான் எழுதுகிறது.

இதற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தக் கொப்பியை வாசிக்கப்போகிறவர் யார் என்று பார்த்தால் புரியும். வெள்ளிக்கிழமை அதிபரின் கையொப்பம், எப்போதாவது கல்வி வலயத்திலிருந்து வரும் ஆசிரிய ஆலோசகர், மேற்பார்வைக்கு வருகிற குழு. இவர்கள் எல்லோரும் பார்ப்பது தலைப்புகள் நிரம்பியிருக்கின்றனவா என்பதைத்தான், அதில் பிழை சொல்லவும் முடியாது, அவர்களுக்கும் ஒரு பாடசாலையில் பார்க்க நாற்பது கொப்பி இருக்கும். ஆக, எழுதுகிறவர் இன்னொருவருக்குக் காட்டுவதற்காக எழுதுகிறார். வெண்கட்டியோடு நிற்கும்போது திரும்பிப் பார்த்தால் அவருக்கே அதில் உதவக்கூடிய வரி கிடைப்பதில்லை.

கையில் கிடைத்த படிவங்கள்

முதலில் மாட்டியது வட்ஸ்அப். ஆசிரியர் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிற படிவங்களில் ஒன்றை யாரோ அனுப்பினார்கள், பெட்டி பெட்டியாக நிறைய, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். 'இருபத்தோராம் நூற்றாண்டுத் திறன்கள்' என்றுகூட ஒரு பெட்டி. இதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நாலு பக்கம் ஐந்தானது.

அடுத்தது, ஓய்வுக்குக் கிட்ட நிற்கிற மூத்த ரீச்சர் ஒருவர் கொடுத்த பழைய அமைப்பு. ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பிரயோகம். ஜேர்மனியரான ஹேர்பார்ட் (1776–1841) போட்ட அத்திவாரத்தில் அவருடைய வழிவந்தவர்கள் கட்டிய ஐந்து படிகள், நம் ஆசிரியர் கலாசாலைகளில் ஒரு காலத்தில் வேதம். இதைச் சும்மா பழசு என்று தள்ளிவிட முடியாது. தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போ, கடைசியில் பிரயோகித்துப் பார் என்ற ஒழுங்கு கணிதத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது, நேரமும் ஓரளவு அடங்கியது. குறை வேறு இடத்தில் இருந்தது. அந்த ஐந்து படியும் ஆசிரியர் என்ன செய்வார் என்பதைத்தான் எழுத வைக்கின்றன. பிள்ளை வாயைத் திறந்து எதிர்பாராத ஒன்றைச் சொன்னால் கொப்பியில் அதற்கு இடமே இல்லை. மூத்த ரீச்சருக்கு அந்த இடம் தேவையில்லை, முப்பது வருடமாகப் பிள்ளைகள் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார்.

அவர் இப்போது உண்மையில் பயன்படுத்துவது ஹேர்பார்ட்டும் இல்லை. ஒரு சின்னக் கொப்பி, நாளுக்கு மூன்று வரி. 'உதெல்லாம் எழுதி என்ன செய்யப்போறீர் பிள்ளை, பிள்ளையளின்ர முகத்தைப் பாரும்' என்று அதைத்தான் நீட்டினார். இவரும் மூன்று வரியோடு போய்ப் பார்த்தார். அது அம்மம்மாவிடம் கறி வைக்கக் கேட்கிற மாதிரி, 'உப்பு அளவாய்ப் போடு' என்பார், அந்த அளவு அவருடைய கையில் இருக்கிறது. கிழமை முடியமுன்னரே நாலு பக்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

அப்புறம் ஐந்து 'ஈ', ஆங்கிலத்தில் E என்ற எழுத்தில் பெயர் தொடங்குகிற ஐந்து கட்டங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் பெரும்பாலான புதியவர்கள் இதற்குள்தான் அகப்பட்டுப்போகிறார்கள். 2007இல் தரம் 6, 10 ஆகியவற்றில் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தோடு தேசிய கல்வி நிறுவகம் கொண்டுவந்த மாதிரி: ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். மூலம் அமெரிக்கா, 1980களின் பிற்பகுதியில் உயிரியல் கலைத்திட்டக் குழு ஒன்று விஞ்ஞானம் கற்பிக்க உருவாக்கியது, ரொட்ஜர் பைபீ என்பவர் அதில் முதன்மையானவர். அதை உருவாக்கியவர்கள் நினைத்தது இரண்டு மூன்று வாரம் நீளுகிற ஓர் அலகை, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாடமோ அதற்கு மேலோ ஒதுக்கி. நாமோ நாற்பது நிமிடத்துக்குள் ஐந்தையும் எதிர்பார்க்கிறோம். அதில் பிள்ளைகள் வாங்கை இழுத்துக் குழுவாக இருக்கவும் திரும்பப் போடவும் போகிற நேரத்தை யாரும் எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை, நெருக்கமான வகுப்பில் அது மட்டுமே ஏழெட்டு நிமிடம் தின்னும்.

ஆகவே ஐந்து 'ஈ'யை அவர் தூக்கி எறியவில்லை, அலகுக்குக் கொடுத்தார். பின்னம் என்ற அலகு முழுவதற்கும் கொப்பியின் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை: எந்தப் பாடவேளை ஈடுபடலும் கண்டறிதலும், எது விளக்கல், எது விரிவாக்கல், எது மதிப்பிடல். ஒவ்வொரு நாளும் ஐந்தையும் தொட வேண்டும் என்ற கட்டாயம் போனதும் பாதிச் சுமை இறங்கியது. மீதிப் பாதிதான் சுவாரசியமானது.

மூன்று பிழையான விடைகள்

ஜப்பானில் ஆசிரியர்கள் ஒருவருடைய பாடத்தை மற்றவர்கள் இருந்து பார்த்துக் கூடிப் பேசுகிற ஒரு வழக்கம் இருக்கிறது, பாட ஆய்வு என்று சொல்வார்கள். அதற்கு எழுதுகிற பாடக்குறிப்பில் 'மாணவர் சொல்லக்கூடியவை' என்று ஒரு நிரல் வரும். சரியான விடை மட்டுமல்ல, பிழையான விடைகளும், அரைகுறை விடைகளும். கூடவே கரும்பலகை பாட முடிவில் எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே திட்டமிடுவார்கள், அதற்கு 'பன்ஷோ' என்று பெயர். இந்த இரண்டையும் மட்டும் எடுத்துப் பார்ப்போம், மற்றதெல்லாம் பிறகு என்று அவரிடம் சொன்னேன்.

பாடம்: பகுதி வேறான பின்னங்களைக் கூட்டல். எடுத்த கணக்கு 1/2 + 1/3. 'இதுக்குப் பிள்ளையள் என்னென்ன பிழை விடுவினம், எழுதிக்கொண்டு வாரும்' என்றேன். முதலில் ஒன்றுதான் எழுதினார், எல்லோருக்கும் தெரிந்த 2/5, மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுவது. பக்கத்து வகுப்புக் கொப்பிகளைப் புரட்டியபிறகு இன்னும் இரண்டு வந்தன. ஒன்று 2/6: பகுதியை ஆறாக்கிவிட்டு மேலே ஒன்றையும் ஒன்றையும் மாற்றாமல் விடுவது. மற்றது 5/12: எல்லாவற்றையும் சரியாக 3/6 + 2/6 என்று மாற்றிவிட்டுக் கடைசி அடியில் ஆறையும் ஆறையும் கூட்டிவிடுவது. இந்தக் கடைசிப் பிழையை விடுகிற பிள்ளை முக்கால்வாசி சரியாகச் செய்திருக்கிறது, ஆனால் திருத்துகிறவர் போடுவது அதே சிவப்புப் புள்ளடிதான்.

மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, 'சேர், இது மூண்டுமே அரையை விடக் குறைவு' என்றார்.

உண்மைதான். ஐந்தில் இரண்டு, ஆறில் இரண்டு, பன்னிரண்டில் ஐந்து, மூன்றும் அரைக்குக் கீழே. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையை விடக் குறையுமா? மூன்று வேறு வேறு பிழைக்கும் இந்த ஒரே கேள்வி போதும். எத்தனையோ வருடமாகப் படிப்பிக்கிற எனக்கு அது பட்டதில்லை. மூன்றையும் தனித்தனியே திருத்திக்கொண்டு திரிந்தவன் நான்.

அதோடு ஊர்க்கணக்கும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில்தானே சொல்கிறோம், ஒரு பரப்பு 18 குழி. அரைப் பரப்பு 9 குழி, பரப்பில் மூன்றிலொன்று 6 குழி, இரண்டும் சேர்ந்தால் 15 குழி, அதாவது பதினெட்டில் பதினைந்து, சுருக்கினால் ஆறில் ஐந்து. பகுதியைச் சமப்படுத்துவது என்ற விதியை ஒரு சொல்லிலும் சொல்லாமலே விடை வந்து நிற்கிறது. பரப்பில் ஐந்தில் இரண்டு என்றால் 7.2 குழி. தோட்டக்காணி உள்ள வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் சொன்னது இது: 'ரீச்சர், அரைப் பரப்பு வைச்சிருக்கிறவருக்கு இன்னும் காணி குடுத்தா எப்பிடி ஏழு குழி ஆகும்?' (எல்லாப் பிள்ளைக்கும் குழிக்கணக்கு தெரிந்திருக்காது, ரவுணுக்குள் வளர்கிறவர்களுக்குக் காணி உறுதியில் எழுதியிருக்கிற சொல்லாகத்தான் அது இருக்கும். அதனால் 18 கட்டம் கீறின தாள் ஒன்றும் கையில் வைத்திருந்தார்.)

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கேள்வியை எந்தப் படிவமும் அவருக்குக் கொடுக்கவில்லை. பிழையான விடைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியதால், அதை நிரப்ப வேண்டியிருந்ததால், தேடவேண்டி வந்தது. நாலு பக்கப் படிவத்தில் 'தர உள்ளீடுகள்' என்ற பெட்டியை நிரப்ப அவர் தேடியது டிமை தாளும் நிறப் பேனாவும்.

கடைசியில் நின்ற படிவம்

ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும். பல தடவை மாறி இப்போது இருக்கிற வடிவத்தைச் சொல்கிறேன்.

மேலே இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டி. திகதி, தரம், அலகு, தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு. இது அதிபருக்கும் ஆலோசகருக்கும், இலக்கங்களோடு சுருக்கமாக. உத்தியோகபூர்வமாகக் கேட்கிற தலைப்பு ஒன்றும் விடுபடவில்லை என்பதால் கையொப்பத்துக்குச் சிக்கல் வரவில்லை. அதிபரிடம் முதலே கொண்டுபோய்க் காட்டினோம், அவர் கேட்டது ஒன்றுதான்: 'பிரதிபலிப்பு எங்க?' பின்பக்கம் என்றோம்.

பட்டிக்குக் கீழே, மற்ற எதையும் எழுத முன்னர், கடைசிக் கணக்கு. பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் துண்டுத்தாளில் செய்து கொடுக்க வேண்டிய ஒரே கணக்கு. பின்னப் பாடத்துக்கு அது 1/4 + 2/3, விடை 11/12. அதிலும் முன்சொன்ன மூன்று பிழையும் 3/7, 3/12, 11/24 என்று தனித்தனி முகத்தோடு வரும், ஆகவே துண்டுகளைப் பார்த்தவுடன் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பிரித்துப்போடலாம். கடைசியில் நடப்பதை முதலில் எழுதுவது அவருக்குப் பழக நாளெடுத்தது. ஆனால் நேரப் பிரச்சினையைத் தீர்த்தது இதுதான். 35ஆவது நிமிடத்தில் துண்டு கொடுத்தே ஆகவேண்டும் என்பதால் முன்னால் எதை வெட்டுவது என்ற முடிவு வீட்டிலேயே எடுபட்டது. முதலில் வெட்டுப்பட்டது டிமை தாள்.

நடுவில் இடப்பக்கம் கரும்பலகை: ஒரு செவ்வகம் கீறி, மூன்றாகப் பிரித்து, மணி அடிக்கும்போது பலகையில் எது எங்கே இருக்கும் என்று சின்னதாக எழுதுவது. கணித ஆசிரியர்களுக்கு இது பெரிய உதவி, பலகையில் பாதியை அழித்துவிட்டு 'முதல் செய்தமே, அதைப் பாருங்கோ' என்று வெறும் பலகையைக் காட்டுகிற வேலை நின்றுபோகும். வலப்பக்கம் மூன்று பிழையான விடைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கேட்கப்போகிற கேள்வி. விளக்கம் எழுதக்கூடாது, கேள்வி மட்டும். வகுப்பில் சொல்லப்போகிற வாக்கியமாகவே, பேச்சுத்தமிழில். 'அரையை விடக் கூடவோ குறையவோ?' என்று எழுதியிருந்தால் தலையைக் குனிந்து பார்த்த கணமே வாயில் வரும். 'மாணவர் தமது விடையின் நியாயத்தன்மையைப் பரிசீலிக்கத் தூண்டப்படுவர்' என்று எழுதியிருந்தால் வராது.

இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நிமிடங்கள். அதில் ஒரு கேள்விக்குப் பக்கத்தில் 'பேசாமல் நில்' என்று சிவப்பில் எழுதியிருப்பார். கேள்வி கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இருந்தது, நம் எல்லோருக்கும் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு செக்கன், அதை மூன்று செக்கன் ஆக்கினாலே பிள்ளைகள் நீளமான பதில் சொன்னார்கள். மூன்று செக்கன் வகுப்பின் முன்னால் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பின்பக்கம் வெறுமை. பாடம் முடிந்ததும் துண்டுகளை எண்ணி, எந்தப் பிழை எத்தனை என்று எழுதி, எதிர்பாராமல் வந்த விடை இருந்தால் அதையும் எழுதுவார். பிரதிபலிப்பு அவ்வளவுதான். 'பாடம் வெற்றிகரமாக அமைந்தது' என்ற வசனம் எழுதுவதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம்.

எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை

முதல் தவணை முடிவுக்குள் எழுதுகிற நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, அதில் பெரும்பகுதி பிழையான விடைகளைத் தேடுவதில்தான் போகிறது என்றார். அது போகவேண்டிய நேரம். துண்டுக்கணக்கு பெரும்பாலான நாட்களில் கொடுபட்டது. மழை நாள், விளையாட்டுப் போட்டிக்கு அணிநடைப் பயிற்சி என்று பாடவேளை சுருங்குகிற நாட்களில் நடுப்பகுதியை வெட்டிவிட்டுத் துண்டைக் கொடுத்துப் பழகினார், முன்னர் என்றால் அந்த நாட்களில் முதலில் பறிபோவது மதிப்பீடுதான்.

இரண்டாம் தவணையில் படிவம் தானாகச் சுருங்கத் தொடங்கியது. இரண்டாம் முறை படிப்பிக்கிற பாடங்களுக்கு நிமிட நிரல் போனது. வேறு பிரிவுக்கு அதே பாடம் என்றால் பழைய தாளின் பின்பக்கத்தில் இருந்த எதிர்பாராத விடைகள் புதிய தாளின் முன்பக்கத்துக்கு வந்தன. மூத்த ரீச்சர் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டு, 'உந்தப் பிழையள் எல்லாம் எனக்கும் எழுதித்தாரும், எனக்குத் தெரியும், ஆனா ஒரு இடத்தில இல்லை' என்றார். இப்போது ஆசிரியர் அறை அலுமாரியில் அலகு வாரியாக ஒரு கோப்பு இருக்கிறது, மூன்று பேர் அதில் எழுதுகிறோம்.

பொருந்தாத இடங்களும் உண்டு. மீட்டல் பாடத்துக்கு இந்தப் படிவம் வீண், அங்கே பத்து வகையான கணக்கு, பிழையும் பத்து வகை. இரட்டைப் பாடவேளைக்கு ஒரு துண்டு போதாது, நடுவில் இன்னொன்று வேண்டும். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாக என்ன செய்வது என்பதற்குத் தாளில் இடமே இல்லை, துண்டைப் பார்த்து யார் என்று தெரிகிறது, ஆனால் அடுத்த பாடவேளை புதிய பாடத்துக்குப் போய்விடுகிறது. வகுப்பில் அமைதி குலைகிற பிரச்சினைக்கும் இது மருந்தில்லை, அதை யாரும் எதிர்பார்த்துவிட வேண்டாம். வரலாறு, தமிழ் படிப்பிக்கிற இரண்டு பேர் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். வரலாற்று ரீச்சருக்குப் பிழையான விடை என்ற நிரல் ஒத்துவரவில்லை, அந்த இடத்தில் 'பிள்ளைகள் ஏற்கெனவே நம்பிக்கொண்டு வருகிறவை' என்று மாற்றிக்கொண்டார். தமிழ் சேர் இரண்டு நாளில் விட்டுவிட்டார்.

இதை வாசிக்கிற யாராவது படிவத்தைப் போட்டோக்கொப்பி அடித்துப் புதியவர்களிடம் கொடுக்க நினைத்தால், பெட்டிகளை மட்டும் கொடுக்க வேண்டாம். நிரப்பிய தாள் ஒன்றைக் கொடுங்கள், கூடவே அந்தப் பாடம் நடக்கிற வகுப்பின் பின்வாங்கில் ஒரு பாடவேளை இருக்க விடுங்கள். வெறும் பெட்டியாகப் போனால் அடுத்த கிழமையே அதற்குள்ளும் 'விளங்கிக்கொள்வர்' வந்துவிடும்.

தரம் 8க்குக் கேத்திரகணிதம் தொடங்கியதிலிருந்து கரும்பலகைச் செவ்வகம் போதவில்லை என்கிறார். உரு கீறவேண்டும், உருவின் மேலேயே பிள்ளை விடுகிற பிழையும் கீறவேண்டும். இப்போதைக்குத் தாளைக் குறுக்காகத் திருப்பி, பிழை நிரலைக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.